முதல் தோல்வியும் மூண்ட கோபமும்

2002-ம் ஆண்டு ஜூலை 13-ம் தேதி இரவு, அலாகாபாத் நகரில் முகமது கைஃபின் வீட்டு முன்பு பட்டாசுகள் வெடித்தன. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் 325 ரன்களை விரட்டிச் சென்ற இந்திய அணி, 5 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த நேரத்தில், 21 வயது இளைஞரான கைஃப் 87 ரன்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று கோப்பையை வென்று தந்திருந்தார். நகரமே அவரைத் தன் பிள்ளையாகக் கொண்டாடியது.

ஏழு மாதங்கள்தான் கடந்திருந்தன. 2003 பிப்ரவரியில் அதே வீட்டின் முன்பு மீண்டும் கூட்டம் கூடியது. இம்முறை பட்டாசுகள் இல்லை, வசவுகள் இருந்தன. வீட்டுச் சுவர்களில் கறுப்பு நிறத்தைப் பூசிச் சென்றது அக்கூட்டம். நாட்டின் பல நகரங்களில் கிரிக்கெட் வீரர்களின் உருவ பொம்மைகள் கொளுத்தப்பட்டன. பாடை கட்டி ஊர்வலம் போனவர்களும் உண்டு. வீரர்களின் வீடுகளுக்குப் போலீஸ் காவல் போட வேண்டிய நிலை ஏற்பட்டது.

இத்தனைக்கும் காரணம், தென் ஆப்பிரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி ஆடிய முதல் இரண்டு ஆட்டங்கள். அவற்றில் ஒன்றில் இந்தியா வென்றிருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

பார்லில் பெற்ற எச்சரிக்கை:

சௌரவ் கங்குலி தலைமையில் அந்த அணி தென் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோதே சூழ்நிலை சாதகமாக இல்லை. அதற்குச் சற்று முன்பு நியூசிலாந்தில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில் இரண்டு டெஸ்ட் ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு நாள் ஆட்டத் தொடரில் 5-2 என்ற கணக்கில் தோல்வி. வி.வி.எஸ். லட்சுமணை அணியிலிருந்து விலக்கிவிட்டு தினேஷ் மோங்கியாவைச் சேர்த்தது கடும் விமர்சனத்துக்கு உள்ளாகியிருந்தது. கூடுதலாக ஒரு மட்டையாளரைச் சேர்ப்பதற்காக, விக்கெட் காக்கும் பொறுப்பு ராகுல் திராவிட் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. வீரர்களின் தனிப்பட்ட விளம்பர ஒப்பந்தங்கள் தொடர்பாக சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுடன் எழுந்த தகராறு, போட்டி தொடங்கும் நேரம் வரை இழுபறியாக நீடித்தது.

பிப்ரவரி 12-ம் தேதி பார்ல் நகரில் ஹாலந்து அணியை இந்தியா எதிர்கொண்டது. கிரிக்கெட்டைப் பகுதிநேரமாக ஆடுபவர்களே நிறைந்த அணி அது. அந்த அணிக்கு எதிராக இந்தியாவால் 50 ஓவர்கள் முழுமையாக ஆட முடியவில்லை, 48.5 ஓவர்களில் 204 ரன்களுக்குச் சுருண்டது. சச்சின் டெண்டுல்கர் 52 ரன்கள் எடுத்தார். டிம் டி லீட் 35 ரன்கள் கொடுத்து 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பின்னர் ஜவகல் ஸ்ரீநாத்தும் அனில் கும்ப்ளேயும் தலா 4 விக்கெட்டுகளைக் கைப்பற்ற, ஹாலந்து 136 ரன்களில் ஆட்டமிழந்தது. இந்தியா 68 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. ஆனால் ஆட்ட நாயகன் விருது தோற்ற அணியின் டி லீடுக்கே சென்றது. வெற்றி பெற்ற அணிக்கு இதைவிடப் பெரிய குட்டு வேறு இருக்க முடியாது.

சென்சூரியனில் சரிவு:

மூன்று நாள்கள் கழித்து, பிப்ரவரி 15-ம் தேதி சென்சூரியன் மைதானத்தில் நடப்புச் சாம்பியன் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னே சில நாள்களுக்கு முன்புதான் நாடு திரும்பியிருந்தார். எனவே இந்தியாவுக்கு வாய்ப்பு இருப்பதாகப் பலரும் எண்ணினர்.

அந்த எண்ணம் நெடுநேரம் நிலைக்கவில்லை. டாஸ் வென்று மட்டை பிடித்த இந்திய அணியில் கங்குலி 9, வீரேந்திர சேவாக் 4, திராவிட் 1, கைஃப் 1 என வரிசையாக வெளியேறினர். யுவராஜ் சிங் ரன் எதுவும் எடுக்கவில்லை. டெண்டுல்கர் எடுத்த 36 ரன்களும், பின்வரிசையில் ஹர்பஜன் சிங் அடித்த 28 ரன்களும்தான் சொல்லிக்கொள்ளும்படி இருந்தன. ஜேசன் கில்லெஸ்பி 10 ஓவர்களில் 13 ரன்கள் மட்டுமே கொடுத்து 3 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 41.4 ஓவர்களில் 125 ரன்களுடன் இந்தியாவின் கதை முடிந்தது. உலகக் கோப்பை ஒரு நாள் போட்டிகளில் இந்தியா ஆட்டமிழந்த மிகக் குறைந்த எண்ணிக்கை அதுவே. ஆஸ்திரேலியா 22.2 ஓவர்களில் ஒரே ஒரு விக்கெட்டை இழந்து இலக்கை எட்டியது.

அன்று சனிக்கிழமை. விடுமுறை நாளில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த கோடிக்கணக்கானோர் மாலை மங்குவதற்குள் ஏமாற்றத்தோடு எழுந்தனர். அந்த ஏமாற்றம் இரவுக்குள் கோபமாக மாறியது. மறுநாள் தெருவுக்கு வந்தது.

இதைக் கேள்வியுற்ற டெண்டுல்கர், தென் ஆப்பிரிக்காவிலிருந்தே ரசிகர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். வீரர்களும் அதே அளவு மனம் வருந்துவதாகவும், கடைசிப் பந்து வரை போராடுவோம் என்றும் அவர் உறுதியளித்தார். அணியினரின் குடும்பங்கள் இங்கே பயந்து வாழ்ந்துகொண்டிருக்க, அவர்கள் அங்கே அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக வேண்டியிருந்தது.

எட்டு ஆட்டங்கள், எட்டு வெற்றிகள்:

அதன் பிறகு நடந்தது இந்திய கிரிக்கெட் வரலாற்றின் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்று. பிப்ரவரி 19-ம் தேதி ஹராரேயில் ஜிம்பாப்வேயை 83 ரன்களில் இந்தியா வென்றது. டெண்டுல்கர் 81 ரன்கள் எடுத்தார். கங்குலி பந்து வீசி 3 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். நமீபியாவுக்கு எதிராக டெண்டுல்கர் 152, கங்குலி ஆட்டமிழக்காமல் 112. டர்பனில் கணுக்கால் வலியையும் பொருட்படுத்தாமல் பந்து வீசிய ஆசிஷ் நெஹ்ரா, 23 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளை எடுத்து இங்கிலாந்தைச் சாய்த்தார்.

மார்ச் 1-ம் தேதி, அவமானப்பட்ட அதே சென்சூரியன் மைதானத்தில் பாகிஸ்தானுடன் ஆட்டம். சயீத் அன்வரின் சதத்தால் பாகிஸ்தான் 273 ரன்கள் குவித்தது. டெண்டுல்கர் 75 பந்துகளில் 98 ரன்கள் விளாசினார். இந்தியா 26 பந்துகள் மீதமிருக்கும்போதே 6 விக்கெட்டுகளில் வென்றது. இரு வாரங்களுக்கு முன்பு உருவ பொம்மைகள் எரிந்த தெருக்களில் இனிப்புகள் வழங்கப்பட்டன.

சூப்பர் சிக்ஸ் சுற்றில் கென்யாவும் இலங்கையும் வீழ்ந்தன. மார்ச் 14-ம் தேதி நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் 147 ரன்கள் என்ற எளிய இலக்கை விரட்டிய இந்தியா, தொடக்கத்திலேயே 3 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. சேவாக், கங்குலி, டெண்டுல்கர் மூவரும் வெளியேறிவிட்டனர். அப்போது திராவிடுடன் இணைந்து நிதானமாக ஆடி, ஆட்டமிழக்காமல் 68 ரன்கள் எடுத்து அணியைக் கரை சேர்த்தவர், சொந்த ஊரில் சுவரில் கறுப்பு பூசப்பட்ட அதே கைஃப்தான்.

அரையிறுதியில் கென்யாவை வென்று, 1983-க்குப் பிறகு முதல் முறையாக இந்தியா இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. மார்ச் 23-ம் தேதி ஜோகன்னஸ்பர்கில் ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுகளுக்கு 359 ரன்கள் குவிக்க, இந்தியா 234 ரன்களில் ஆட்டமிழந்தது. தோல்வியின் வித்தியாசம் 125 ரன்கள். சென்சூரியனில் இந்தியா எடுத்த அதே எண். போட்டித் தொடரில் இந்தியா தோற்றது இருமுறைதான். இருமுறையும் தோற்கடித்தது ஆஸ்திரேலியாவே. 673 ரன்கள் குவித்த டெண்டுல்கர் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மீள வழி இல்லாத போட்டி:

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுகளில் கதை வேறு விதமாக அமைந்தது. 2007 மார்ச் 17-ம் தேதி போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் இந்தியாவின் முதல் ஆட்டம் வங்கதேசத்துடன் நடைபெற்றது. திராவிட் கேப்டன், ஆஸ்திரேலியாவின் கிரேக் சேப்பல் பயிற்சியாளர். டாஸ் வென்று மட்டை பிடித்த இந்தியா 191 ரன்களில் ஆட்டமிழந்தது. கங்குலி 66 ரன்கள் எடுக்க 129 பந்துகளைச் செலவிட்டார். சேவாக் 2, டெண்டுல்கர் 7. தோனி ரன் எடுக்கவில்லை.

வங்கதேச வீரர்கள் துயரத்தோடு களமிறங்கியிருந்தனர். அவர்களுடன் ஆடிய மஞ்சுருல் இஸ்லாம் ராணா அதற்கு முந்தைய நாள்தான் தாயகத்தில் சாலை விபத்தில் உயிரிழந்திருந்தார். 38 ரன்களுக்கு 4 விக்கெட்டுகளை எடுத்த மஷ்ரஃபே மோர்தாசாவும், அஞ்சாமல் மட்டையைச் சுழற்றி 51 ரன்கள் எடுத்த தமீம் இக்பாலும், அரை சதம் கண்ட ஷகிப் அல் ஹசனும் முஷ்பிகுர் ரஹீமும் தங்கள் நாட்டுக்கு மறக்க முடியாத வெற்றியைத் தேடித் தந்தனர். மட்டையால் அரை சதம் அடித்த அம்மூவரும் இருபது வயதை எட்டியோ எட்டாமலோ இருந்த இளைஞர்கள். இந்தியா 5 விக்கெட்டுகளில் தோற்றது.

அன்றிரவே ராஞ்சியில் கட்டப்பட்டு வந்த மகேந்திர சிங் தோனியின் வீடு தாக்குதலுக்கு உள்ளானது; சுவர் சேதப்படுத்தப்பட்டது. பல நகரங்களில் மீண்டும் உருவ பொம்மைகள் எரிந்தன.

பெர்முடாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் இந்தியா 5 விக்கெட்டுகளுக்கு 413 ரன்கள் குவித்து 257 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. ஆனால் மார்ச் 23-ம் தேதி இலங்கையின் 254 ரன்களை எட்ட முடியாமல் 185 ரன்களில் ஆட்டமிழந்தது. முத்தையா முரளிதரன் 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இரண்டு நாள்களில் பெர்முடாவை வங்கதேசம் வென்றதும், இந்தியா முதல் சுற்றுடன் வெளியேறுவது உறுதியானது.

2003-ல் அணி மீண்டதற்கும் 2007-ல் மீளாததற்கும் ஆட்டத் திறன் மட்டும் காரணம் அல்ல. போட்டியின் அமைப்பும் ஒரு காரணம். 2003-ல் ஒரு பிரிவில் 7 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் 6 ஆட்டங்கள். இரண்டாவது ஆட்டத்தில் சரிந்த அணிக்கு, நிமிர்ந்து நிற்க மேலும் 4 ஆட்டங்கள் கிடைத்தன. 2007-ல் 16 அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் 4 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 3 ஆட்டங்கள் மட்டுமே. முதல் நாளில் சறுக்கிய அணிக்கு அடுத்த அடி வைக்கும்போதே கிணற்றின் விளிம்பு வந்துவிட்டது. இந்தியா தோற்ற அதே நாளில் ஜமைக்காவில் அயர்லாந்திடம் தோற்ற பாகிஸ்தானும் இதே கதிக்கு ஆளாயிற்று. மறுநாள் அந்த அணியின் பயிற்சியாளர் பாப் உல்மர் ஹோட்டல் அறையில் இறந்து கிடந்த செய்தி கிரிக்கெட் உலகையே உலுக்கியது.

வெறிச்சோடிய ஏப்ரல் 15:

இவ்விரு அணிகளின் வெளியேற்றம் விளையாட்டோடு முடிந்துவிடவில்லை. பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரில் ஏப்ரல் 15-ம் தேதி நடைபெற வேண்டிய சூப்பர் 8 ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் என்றே அனைவரும் எதிர்பார்த்திருந்தனர். அந்த நம்பிக்கையில் விமானப் பயணச்சீட்டும் விடுதி அறையும் முன்பதிவு செய்திருந்த ரசிகர்கள் ஏராளம். அன்று அங்கு ஆடியவை அயர்லாந்தும் வங்கதேசமும். ஒளிபரப்பு உரிமைக்காகப் பெரும் பணம் கொட்டிய தொலைக்காட்சி நிறுவனமும், அதில் விளம்பர நேரம் வாங்கிய நிறுவனங்களும் கையைப் பிசைந்தன.

உலக கிரிக்கெட்டின் வருவாயில் பெரும்பகுதி இந்தியப் பார்வையாளர்களை நம்பியே உள்ளது என்ற உண்மையை அந்த ஏப்ரல் மாதம் எல்லோருக்கும் உணர்த்தியது. 2011 உலகக் கோப்பையில் 14 அணிகள் இரு பிரிவுகளாக ஆடின. ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது 6 ஆட்டங்கள் உறுதியாயின. 2019, 2023-ம் ஆண்டுகளில் அணிகளின் எண்ணிக்கை பத்தாகக் குறைக்கப்பட்டு, ஒவ்வோர் அணியும் மற்ற அனைத்து அணிகளுடனும் மோதும் முறை வந்தது. முதல் ஆட்டத்தில் தோற்றாலும் அணிகள் மேலும் எட்டு முறை களமிறங்க முடிந்தது. பெரிய அணிகளுக்கும் தொலைக்காட்சிக்கும் இது காப்பு. ஆனால் அயர்லாந்து போன்ற சிறிய அணிகளுக்கு அதுவே அடைபட்ட கதவாகவும் ஆனது. 2007-ல் வங்கதேசமும் அயர்லாந்தும் நிகழ்த்திய அதிர்ச்சிகளே, அத்தகைய அணிகளின் வாய்ப்பு குறுகுவதற்கு ஒரு வகையில் வழிவகுத்தன.

தாயகத்தில் கிரிக்கெட் வாரியமும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் சேப்பல் பதவி விலகினார். வீரர்களின் விளம்பர ஒப்பந்தங்களுக்கு உச்சவரம்பு விதிக்க வாரியம் முடிவு செய்தது. எதிர்ப்பு வலுத்ததால் அந்த நிபந்தனை பின்னர் கைவிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தோனி தலைமையில் இளம் அணி ஒன்று, முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்று திரும்பியபோது, மார்ச் மாதத்துக் கசப்பு மறைந்தே போனது.

ஆனால் வீரர்கள் மறக்கவில்லை. 2007-ல் தில்லி வந்திறங்கிய இரவை தோனி 2016-ல் நினைவுகூர்ந்தார். போலீஸ் வாகனத்தில் சேவாக்கின் அருகே அமர்ந்து சென்றபோது, ஊடக வாகனங்கள் விளக்குகளை எரியவிட்டுப் பின்தொடர்ந்தன என்றும், ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டவர்களைப் போலத் தாங்கள் உணர்ந்ததாகவும் அவர் குறிப்பிட்டார்.

சேப்பாக்கத்தில் ஒரு ரன்:

தொடக்கச் சறுக்கல் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1987-ல் உலகக் கோப்பை முதல் முறையாக இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்தபோது, நடப்புச் சாம்பியனான இந்தியா தனது முதல் ஆட்டத்தை அக்டோபர் 9-ம் தேதி சென்னை சேப்பாக்கத்தில் ஆடியது. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்ததா, கோட்டுக்குள் விழுந்ததா என்ற ஐயத்தில் முதலில் நான்கு ரன்கள் வழங்கப்பட்டன. ஆட்ட இடைவேளையில் அது ஆறு ரன்கள் எனத் திருத்தப்பட்டது. இந்தியக் கேப்டன் கபில்தேவ் அதற்கு உடன்பட்டார். 268 ஆக இருந்த எண்ணிக்கை 270 ஆனது. இந்தியா 269 ரன்களில் ஆட்டமிழந்து ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அந்தப் பெருந்தன்மையின் விலை ஓர் ஆட்டம். ஆனாலும் அதன் பிறகு தொடர்ந்து 5 ஆட்டங்களில் வென்று அரையிறுதிக்குச் சென்றது அந்த அணி.

1999-ல் நிலைமை இன்னும் கடினம். முதல் ஆட்டத்தில் தென் ஆப்பிரிக்காவிடம் தோல்வி. தந்தை காலமான செய்தி கேட்டு டெண்டுல்கர் மும்பை திரும்பிய நிலையில், மே 19-ம் தேதி லெஸ்டரில் ஜிம்பாப்வேயிடம் 3 ரன்களில் தோல்வி. தமிழ்நாட்டு வீரர் ராபின் சிங் உள்பட மூவரை ஒரே ஓவரில் வீழ்த்தினார் ஹென்றி ஒலங்கா. இறுதிச் சடங்கு முடித்துத் திரும்பிய டெண்டுல்கர், கென்யாவுக்கு எதிராக 140 ரன்கள் எடுத்து வானத்தை அண்ணாந்து பார்த்த காட்சியை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியா அடுத்த சுற்றை எட்டியது. ஆனால் தன்னை வென்ற இரு அணிகளும் கூடவே வந்ததால், முதல் சுற்றுப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் அங்கு நுழைய நேர்ந்தது. முதல் வாரத்துக் கடனை மூன்றாவது வாரத்தில் அடைக்க முடியவில்லை.

மோசமான தொடக்கத்தை மீறிக் கோப்பையையே வென்ற அணியும் உண்டு. 1992-ல் பாகிஸ்தான் முதல் ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளிடம் 10 விக்கெட்டுகளில் தோற்றது. இங்கிலாந்துக்கு எதிராக 74 ரன்களில் சுருண்டு, மழையால் தப்பி ஒரு புள்ளி பெற்றது. அதே அணிதான் மார்ச் 25-ம் தேதி மெல்போர்னில் அதே இங்கிலாந்தை வென்று கோப்பையை ஏந்தியது.

தெருவிலிருந்து கைப்பேசிக்கு:

2021 அக்டோபர் 24-ம் தேதி துபையில் நடைபெற்ற இருபது ஓவர் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டுகளில் இந்தியா தோற்றது. உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றது அதுவே முதல் முறை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நியூசிலாந்திடம் 8 விக்கெட்டுகளில் தோல்வி. இந்தியாவின் அரையிறுதி வாய்ப்பு அப்போதே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இம்முறை எவர் வீட்டு முன்பும் கூட்டம் கூடத் தேவைப்படவில்லை. பதினொரு பேர் ஆடித் தோற்ற ஆட்டத்தில், வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி ஒருவரை மட்டும் அவரது மதத்தைக் குறிப்பிட்டுச் சமூக வலைதளங்களில் வசைபாடினர். கேப்டன் விராட் கோலி அதை வெளிப்படையாகக் கண்டித்து, சக வீரருக்குத் துணை நின்றார். அதன் விளைவாக, கோலியின் கைக்குழந்தைக்கே வக்கிரமான மிரட்டல் விடுக்கப்பட்டது. அது தொடர்பாக ஒருவர் கைது செய்யப்பட்டார்.

2003-ல் சுவரில் கறுப்பு பூசியவர்கள் ஊர்க்காரர்கள், முகம் தெரிந்தவர்கள். அந்தச் சுவரை மறுநாள் வெள்ளையடித்துவிட முடியும். 2021-ல் ஏசியவர்களுக்கு முகம் இல்லை. எழுதியது அழிவதும் இல்லை. கோபத்தின் கருவி மாறியதோடு அதன் இலக்கும் மாறியது. ஆட்டத்தில் செய்த தவறுக்காகத் திட்டுவது போய், பிறப்புக்காகத் திட்டுவது என்ற இடத்துக்கு அது வந்து சேர்ந்தது.

கணக்கு நேரானதா?

கைஃப் நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய ஆட்டத்தைப் போலவே, மற்ற இருவரும் பின்னர் விடையளித்தனர். ராஞ்சியில் வீடு தாக்கப்பட்ட தோனி, 2011 ஏப்ரல் 2-ம் தேதி மும்பை வான்கடே மைதானத்தில் சிக்ஸர் அடித்து உலகக் கோப்பையை வென்று தந்தார். அன்று களத்தில் இருந்த பதினொருவரில் தோனி, டெண்டுல்கர், சேவாக், யுவராஜ், ஹர்பஜன், ஜாகீர் கான், முனாஃப் படேல் ஆகிய ஏழு பேர், 2007-ல் வங்கதேசத்திடம் தோற்ற அணியிலும் இருந்தவர்களே. தேசம் எந்த வீரர்களைத் தூக்கியெறியச் சொன்னதோ, அவர்களே நான்கு ஆண்டுகளில் கோப்பையைக் கொண்டுவந்தனர்.

ஷமி, 2023 உலகக் கோப்பையில் முதல் நான்கு ஆட்டங்களில் வாய்ப்பின்றி வெளியே அமர்ந்திருந்தார். வாய்ப்புக் கிடைத்த பிறகு 24 விக்கெட்டுகளை வீழ்த்தித் தொடரிலேயே முதலிடம் பிடித்தார். நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 57 ரன்கள் கொடுத்து 7 விக்கெட்டுகள் எடுத்தார். ஏசிய அதே வலைதளங்கள் அன்று அவரைப் புகழ்ந்து தள்ளின.

இம்மூவரின் கதைகளும் இனிதாகவே முடிந்தன. ஆனால் மூவரும் திரும்பவும் ஆடிச் சாதித்ததால்தான் அவை நினைவில் நிற்கின்றன. அடுத்த ஆட்டத்தில் கைஃப் ஒற்றை ரன்னில் வெளியேறியிருந்தால், அவர் வீட்டுச் சுவருக்கு நேர்ந்தது நியாயமாகியிருக்குமா? தோனி 2011-ல் கோப்பையை வெல்லாமல் போயிருந்தால், ராஞ்சியில் இடிக்கப்பட்ட சுவருக்கு யாரும் வருந்தியிருக்கத் தேவையில்லையா? வெற்றி பெற்றுத்தான் ஒரு விளையாட்டு வீரர் தன் குடும்பத்தின் பாதுகாப்பை ஈட்ட வேண்டும் என்றால், அது விளையாட்டு ஆகாது.

நல்ல தொடக்கமும் எதற்கும் உத்தரவாதம் இல்லை. 2023 அக்டோபர் 8-ம் தேதி, 1987-ல் ஒரு ரன்னில் தோற்ற அதே சேப்பாக்கத்தில், அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத்தான் இந்தியா தன் பயணத்தைத் தொடங்கியது. 2 ரன்களுக்குள் 3 விக்கெட்டுகளை இழந்த பின்னரும் கோலியும் கே.எல். ராகுலும் அணியை மீட்டு வெற்றி தேடித் தந்தனர். தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோல்வியே காணாமல் சென்ற அந்த அணி, நவம்பர் 19-ம் தேதி அகமதாபாதில் இறுதி ஆட்டத்தில் தோற்றது. வென்றது ஆஸ்திரேலியா. அந்த ஆஸ்திரேலியாவோ அத்தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றுப் பட்டியலின் அடியில் கிடந்த அணி.

அந்த இரு வாரங்களில் பொறுமை காத்தவர்களுக்கே கோப்பை கிடைத்தது. ஆடுவோருக்கு மட்டுமல்ல, பார்ப்போருக்கும் அதில் பாடம் உண்டு.